முகம் மறவாக் காகம்

2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் அமைந்த சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காகங்கள் வலையில் அகப்பட்டன. அவற்றைப் பிடித்தவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். அப்பல்கலைக்கழகத்தின் வனவிலங்கியல் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் என்பவரும் அவருடைய ஆய்வுக் குழுவினருமே. பிடிபட்ட காகங்களின் கால்களில் அடையாள வளையங்களை மாட்டிய பின்னர் அவற்றைப் பறக்கவிட்டனர். பறவைகளுக்கு வளையமிடுதல் உலகெங்கும் நடைபெறும் வழக்கமான ஆய்வுப் பணியே. ஆயினும், அன்று வலையிட்டவர்கள் தங்கள் சொந்த முகத்துடன் செல்லவில்லை. குகை மனிதனின் முகத்தைப் போன்ற ரப்பர் முகமூடியை அணிந்து சென்றனர்.

இவ்வேடத்திற்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காக இனங்களை ஆராய்ந்து வந்த மார்ஸ்லஃப், ஒருமுறை பிடிபட்ட காகங்கள் குறிப்பிட்ட சில ஆய்வாளர்களைக் கண்டால் மட்டும் மிகுந்த எச்சரிக்கை கொள்வதைக் கவனித்திருந்தார். அவை ஆய்வாளரை அறிந்துகொண்டது எதனால்? உடையாலா, நடையாலா, உடற்கட்டாலா, முகத்தாலா? கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் முகத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். மனிதரின் முகத்தைக் கழற்றி மற்றொருவருக்கு மாட்ட இயலாது. முகமூடியை மாட்ட இயலும். எளிய கருவி, எனினும் கூரிய சிந்தனை.

குகை மனித முகமூடி 'ஆபத்தான முகம்' எனக் கொள்ளப்பட்டது. ஒப்பீட்டிற்காக 'நடுநிலை முகம்' ஒன்றும் தேவைப்பட்டது. அதற்கு அக்காலத்தில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த டிக் செனியின் முகமூடியைத் தெரிந்தெடுத்தனர். அம்முகத்துடன் சென்றவர் எவரும் எந்தக் காகத்தையும் தொடவில்லை. பின்வந்த மாதங்களில் ஆய்வுக் குழுவினரும் தன்னார்வலர்களும் இவ்விரு முகமூடிகளுள் ஒன்றை அணிந்து, வரையறுத்த பாதைகளில் வளாகத்தைச் சுற்றி நடந்தனர். காகங்களைச் சீண்டுவதோ துரத்துவதோ இல்லை. நடப்பது மட்டுமே அவர்களின் வேலை.

செனியின் முகத்தைக் காகங்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. குகை மனிதனின் முகம் தென்பட்டவுடனோ, அவை வாலையும் இறக்கையையும் அடித்துக்கொண்டு கடுமையான குரலில் இடைவிடாது கரைந்தன. அக்குரல் கேட்டுப் பிற காகங்கள் கூடின. கூட்டமாகத் தலைக்குமேல் வட்டமிட்டன. முகமூடி அணிந்தவர் ஆணா பெண்ணா, நெட்டையா குட்டையா, முதியவரா இளையவரா என்பவை பொருட்டாகவில்லை. முகமூடிக்கு மேல் தொப்பி அணிந்தும் பார்த்தனர். முகமூடியைத் தலைகீழாக மாட்டியும் பார்த்தனர். காகங்கள் ஏமாறவில்லை.

ஆய்வின் வியப்பு இத்துடன் நிற்கவில்லை. வளையமிடப்பட்ட காகங்கள் ஏழு மட்டுமே. ஆனால், இரண்டாண்டுகள் கழித்து மார்ஸ்லஃப் அதே முகமூடியுடன் வளாகத்தில் ஒருமுறை நடந்தபோது, எதிர்ப்பட்ட 53 காகங்களுள் 47 அவரைக் கண்டித்துக் கரைந்தன. வலையை ஒருபோதும் கண்டிராத காகங்களும், வலையிட்ட நாளில் முட்டையாகக்கூட இல்லாத காகங்களும் அக்கூட்டத்தில் இருந்தன.

கண்டறிந்ததும் கேட்டறிந்ததும்

ஏழு பறவைகளின் அனுபவம் எவ்வாறு ஓர் ஊரின் அறிவாயிற்று? அடுத்து வந்த ஆண்டுகளில் அக்குழுவினர் இதனைப் படிப்படியாக ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். காகம் ஆபத்தான முகத்தை மூன்று வழிகளில் அறிகிறது. தானே பிடிபட்டு அறிவது முதல் வழி. பிற காகங்கள் ஒருவரைச் சூழ்ந்து கரைவதைக் கண்டு, அவர் அஞ்சத்தக்கவர் எனக் கொள்வது இரண்டாம் வழி. தாய் தந்தையர் கண்டிப்பதைக் கண்டு குஞ்சுகள் கற்பது மூன்றாம் வழி. இவ்வாறு பரவிய செய்தி ஐந்தாண்டுகளில், பிடிபட்ட இடத்திலிருந்து குறைந்தது 1.2 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று சேர்ந்திருந்தது.

இவ்வாய்வில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தாமே பிடிபட்ட காகங்கள் ஆபத்தான முகத்தையும் நடுநிலை முகத்தையும் மிகத் துல்லியமாக வேறுபடுத்தின. பிறரைப் பார்த்துக் கற்ற காகங்களிடம் அத்துல்லியம் சற்றுக் குறைவாகவே இருந்தது. பட்டறிவுக்கும் கேட்டறிவுக்கும் இடையிலான வேறுபாடு மனிதர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. மின்கம்பியில் அடிபட்டு ஒரு காகம் விழுந்து கிடந்தால், சிறிது நேரத்திற்குள் மரங்களும் மாடிச் சுவர்களும் காகங்களால் நிறைந்துவிடும். கரைதல் காதைத் துளைக்கும். இதனைக் காகங்களின் துக்கம் என்றே மக்கள் கருதுவர். அதில் துக்கம் அறவே இல்லை என்று கூற எவராலும் இயலாது. ஆயினும் சியாட்டிலில் கேலி ஸ்விஃப்ட் என்னும் ஆய்வாளர் மார்ஸ்லஃபுடன் இணைந்து நடத்திய சோதனை, அக்கூட்டத்திற்கு மற்றொரு பயன் இருப்பதைக் காட்டியது. காகங்கள் நாள்தோறும் உணவு உண்டுவந்த இடத்தில், முகமூடி அணிந்த ஒருவர் பாடம்செய்யப்பட்ட காகத்தின் உடலைக் கையில் ஏந்தி நின்றார். காகங்கள் திரண்டு கரைந்தன; அதன்பின் சில நாள்கள் அவ்விடத்து உணவை அணுகத் தயங்கின. வாரங்கள் கழித்து அதே முகம் வெறுங்கையுடன் வந்தபோதும் கண்டித்தன. இறந்த உடலைச் சூழும் கூட்டம், இவ்விடத்தில் என்ன ஆபத்து, அதற்குக் காரணம் யார் என்பதைக் கற்கும் இடமுமாகும்.

சிறிய மூளை, செறிந்த நரம்பணுக்கள்

முகத்தைக் காணும்போது காகத்தின் மூளையில் நிகழ்வது என்ன என்பதையும் மார்ஸ்லஃப் குழுவினர் 2012இல் ஆராய்ந்தனர். பன்னிரண்டு ஆண் காகங்களை ஒரு முகமூடியுடன் பிடித்தனர். கூண்டில் இருந்த ஏறத்தாழ நான்கு வாரமும் மற்றொரு முகமூடி அணிந்தவரே அவற்றுக்கு உணவளித்தார். பின்னர், மூளை செயற்படும் இடங்களில் சென்று தங்கும் கதிரியக்கச் சர்க்கரைப் பொருளைச் செலுத்தி, இம்முகங்களுள் ஒன்றைக் காகத்திற்குக் காட்டினர். அதன்பின் மயக்கமுறச் செய்து மூளையைப் படமெடுத்தனர். பிடித்தவரின் முகத்தைக் கண்ட காகங்களில், பாலூட்டிகளின் அமிக்டலாவுக்கு நிகரான பகுதி உள்ளிட்ட அச்சத்தோடு தொடர்புடைய இடங்கள் செயற்பட்டன. உணவளித்தவரின் முகத்தைக் கண்டபோது செயற்பட்ட இடங்கள் வேறு. மனிதர் அச்சுறுத்தும் முகத்தைக் காணும்போது இயங்குவதும் இத்தகைய பகுதியே. ஆய்வு முடிந்ததும் காகங்கள் விடுவிக்கப்பட்டன.

'காக்கை மூளை' எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும் என்னும் ஐயம் இங்கு எழலாம். காக இனங்களுள் பெரியதாகிய ரேவனின் மூளை ஏறத்தாழ 14 கிராம் எடையுடையது. ஆனால் 2016இல் வெளியான ஆய்வொன்றில் அதன் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தபோது, அவை 200 கோடிக்கும் மேற்பட்டிருந்தன. பறவை பறக்க வேண்டுமாதலால் தலை கனத்தல் ஆகாது. எனவே, அதன் நரம்பணுக்கள் சிறியனவாகவும் மிக நெருக்கமாகவும் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பங்கு, சிந்தனைக்கும் கற்றலுக்கும் உரிய முன்மூளைப் பகுதியில் அமைந்துள்ளது. அப்பகுதியின் நரம்பணு எண்ணிக்கையில், தன்னினும் பன்மடங்கு பெரிய மூளையுடைய சில குரங்குகளோடு இப்பறவை ஒத்து நிற்கிறது. எடையைக் கொண்டு அறிவை அளந்த பழைய கணக்கு பொருந்தாமற்போனது இவ்வாறுதான்.

கதையும் சோதனையும்

காகத்தின் அறிவைப் பற்றிய செய்திகள் எளிதில் பரவுவன. எனவே, எளிதில் மிகைப்படுவன. ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காகங்களின் செய்தி இதற்குத் தக்க சான்று.

அந்நகரத்தில் ஒல்லியான அலகுடைய காகங்கள் அக்ரூட் கொட்டைகளை விரும்பி உண்கின்றன. கொட்டையின் ஓடோ அலகுக்கு மசியாதது. உயரத்திலிருந்து கடினமான தரையில் போட்டு உடைப்பது பல ஊர்க் காகங்களும் செய்வதே. செண்டாய்க் காகங்கள் ஒருபடி மேலே சென்றன. மெதுவாகச் செல்லும் வண்டிகளின் சக்கரத்திற்கு முன்னே கொட்டையை வைத்து, வண்டி ஏறிச் சென்றபின் பருப்பைப் பொறுக்கின. இப்பழக்கம் முதலில் கவனிக்கப்பட்டது ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை ஒட்டிய இடத்தில் என்பது பொருத்தமானதே. பழகுநர் ஓட்டும் வண்டியைவிட மெதுவான வண்டி எங்கே கிடைக்கும்? போக்குவரத்து விளக்குள்ள சந்திகளில், சிவப்பு எரியும்போது கொட்டையை வைத்துவிட்டு மறுபடியும் சிவப்பு எரியும்வரை காத்திருக்கும் காகங்களும் காணப்பட்டன. ஜப்பானிய அறிஞர் நிஹெய் 1995இல் இப்பழக்கத்தையும், அது அண்டைப் பகுதிகளுக்குப் பரவியதையும் பதிவுசெய்தார்.

செய்தி உலகெங்கும் பரவியது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்திலும் காகங்கள் சாலையில் அக்ரூட் கொட்டைகளைப் போடுவதைக் கண்டவர்கள், அவையும் வண்டிகளைப் பாக்குவெட்டியாகப் பயன்படுத்துகின்றன என்றனர். அந்நகரத்து ஆய்வாளர்கள் இதனை அப்படியே ஏற்கவில்லை. காகம் உண்மையிலேயே வண்டியை நம்பியிருந்தால், வண்டி வரும்போது கொட்டையைச் சாலையில் விட்டுச் செல்வது மிகுதியாகவும், வராதபோது குறைவாகவும் இருக்க வேண்டும் அன்றோ? நூற்றுக்கணக்கான நிகழ்வுகளைக் கவனித்து ஒப்பிட்டனர். வேறுபாடு ஏதுமில்லை. அங்குள்ள காகங்களுக்குச் சாலை ஒரு கடினமான தரை, அவ்வளவே. 1997இல் வெளியான இம்முடிவு செண்டாய்க் காகங்களைப் பொய்யாக்கவில்லை. ஓரூர்க் காகங்கள் கற்றது எல்லா ஊர்க் காகங்களுக்கும் இயல்பாக வாய்ப்பதன்று என்பதை உணர்த்தியது. காகத்தின் அறிவு பிறப்பிலேயே அமைந்த எந்திரமாக இருந்தால் இரண்டு ஊர்களிலும் ஒன்றுபோல் இயங்கியிருக்கும்.

பானைத் தண்ணீரில் கல்லைப் போட்ட காகத்தின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இல்லை. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அக்கதையே சோதனையாயிற்று. காகத்தின் உறவினமாகிய ரூக் பறவைகளின் முன், குழாய்க்குள் எட்டாத ஆழத்தில் தண்ணீரும் அதன்மேல் மிதக்கும் புழுவும் வைக்கப்பட்டன. பறவைகள் கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தின. சிறிய கற்களை விடுத்துப் பெரிய கற்களையே நாடின. ரூக்குகள் இயற்கையில் கருவி எதனையும் பயன்படுத்துவதாக அறியப்படவில்லை என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகரமும் காகமும்

இத்தகைய பறவையோடு ஒரு நகரம் பகை கொண்டால் என்ன ஆகும்? டோக்கியோ மாநகரம் அதை அறியும். அங்கு வாழ்வது, தமிழகத்து அண்டங்காக்கைக்கு மிக நெருங்கிய உறவான தடித்த அலகுக் காகம். டோக்கியோவில் குப்பையைப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பது வழக்கம். காலையில் குப்பை வண்டி வருவதற்குமுன் காகங்கள் வந்து பைகளைக் கிழித்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். சுள்ளிகள் அரிதான நகரத்தில் துணி மாட்டும் கம்பிக் கொக்கிகளை மாடிகளிலிருந்து கவர்ந்து சென்று கூடு கட்டும். அக்கூடு மின்கம்பத்தில் அமைந்தால் மின்தடை உண்டாகும். 2001இல் காகங்களின் எண்ணிக்கை 36,000 அளவை எட்டியபோது, மாநகர அரசு பொறிகள் அமைத்துப் பிடிக்கத் தொடங்கியது. குப்பைப் பைகளின்மேல் வலை விரிக்கும் வழக்கமும் பெருகியது. பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற காகத்தின் வரலாறு இதனினும் நீண்டது. கழுத்து சாம்பல் நிறமாயிருக்கும் வீட்டுக் காகம், மனிதரை விட்டு விலகி வாழ அறியாதது. மனிதக் குடியிருப்பு இல்லாத இடத்தில் அதன் கூட்டம் எதுவும் நிலைத்து வாழ்வதாக அறியப்படவில்லை. பயிரழிக்கும் புழுக்களைத் தின்னும் என்றெண்ணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கு அதனைக் கொண்டுசென்றனர். நகரக் குப்பையைத் தூய்மை செய்யும் என்றெண்ணிச் சான்சிபாருக்கு வரவழைத்தனர். வேறு பல துறைமுகங்களுக்கு அழைப்பின்றியே கப்பலேறிச் சென்றது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அது பெருகி, அந்நாட்டுச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று, கோழிக் குஞ்சுகளைக் கவர்ந்து, மக்களுக்குத் தொல்லையாயிற்று. 2024இல் கென்ய அரசு பத்து லட்சம் வீட்டுக் காகங்களை ஒழிக்கத் திட்டமிட்டிருப்பதாக அறிவித்தது.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நஞ்சின் இயல்பு சிந்திக்கத்தக்கது. உண்டவுடன் கொல்லும் நஞ்சு காகத்திடம் பயன்படாது. ஒரு காகம் இரையருகே விழுந்து இறந்தால் மற்றவை கூடிக் கரைந்து, அவ்விடத்தையும் அவ்விரையையும் நினைவில் கொண்டுவிடும். மறுநாள் எதுவும் வாராது. எனவே, பல மணி நேரம் கழித்து, தங்கும் மரத்திற்குச் சென்ற பின்னரே உயிர் பிரியும்படியான நஞ்சு தெரிந்தெடுக்கப்பட்டது. எதனால் இறந்தது என்பதைப் பிற காகங்கள் அறியக்கூடாது! சியாட்டிலில் முகமூடி கொண்டு அளந்த அதே நினைவாற்றலுக்கு மொம்பாசாவில் அஞ்ச வேண்டியிருந்தது. அந்நிலத்துப் பறவைகளைக் காக்க வேண்டும் என்பதும் உண்மை. காகம் அங்குத் தானே குடியேறவில்லை, மனிதரின் கணக்குப் பிழையாலும் கப்பலாலும் சென்றது என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

தமிழகத்தில் காகத்தின் உறவு வேறு வகையினது. சங்கப் புலவர் நச்செள்ளையார் காக்கை கரைதலைப் பாடியமையால் காக்கைபாடினியார் எனவே பெயர் பெற்றார். இன்றும் பல வீடுகளில் சமைத்த சோற்றின் முதற்பிடி காகத்திற்கே வைக்கப்படுகிறது. எந்த வீட்டு மாடியில் எப்போது சோறு விழும் என்பதைக் காகம் அறிந்திருக்கிறது. பள்ளிகளில் மதிய உணவு வேளை நெருங்கும்போது வேப்பமரக் கிளைகளில் காகங்கள் வந்து அமர்வதை மாணவர் பலரும் கண்டிருப்பர். மனிதர் காகத்தை 'ஒரு காகம்' என்றே காண்கின்றனர். தம் வீட்டு மதிலில் நேற்று அமர்ந்ததும் இன்று அமர்ந்ததும் ஒரே பறவையா என்று சொல்லக்கூடியவர் அரியர். அது மதிலிலிருந்து காண்பது 'ஒரு மனிதரை' அன்று, இன்னாரை.

இவ்வளவும் அறிந்த காகம், குயிலிடம் மட்டும் தோற்றுவிடுகிறது. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுச் செல்கிறது. அம்முட்டை நிறத்தில் காக முட்டையை ஒத்திருப்பினும் அளவில் சிறியது. ஆயிரம் முகங்களுள் ஒன்றை இனங்காணும் கண், தன் கூட்டிலுள்ள வேற்று முட்டையை ஏற்று அடைகாக்கிறது. வாய் திறந்து கத்தும் குயில் குஞ்சுக்கு இரையூட்டுகிறது. ஐயத்தின் பேரில் தன் முட்டையையே தள்ளிவிட்டால் இழப்பு பெரிது என்பதால் இயற்கை காகத்தை இவ்விடத்தில் ஐயம் கொள்ளாதவாறு அமைத்திருக்கலாம். அறிவு எங்கும் ஒரே அளவாக விரவிய பொருளன்று. வாழ்வு எங்கே கேட்கிறதோ அங்கே கூர்மை பெறுகிறது.

சியாட்டில் வளாகத்தில் குகை மனிதனின் நடை பல ஆண்டுகள் தொடர்ந்தது. அம்முகத்துடன் எவரும் மீண்டும் ஒரு காகத்தையும் பிடிக்கவில்லை. ஆயினும் கண்டிக்கும் காகங்களின் விகிதம் முதல் சில ஆண்டுகள் ஏறிக்கொண்டே சென்று, அதன்பின் மெல்ல மெல்ல இறங்கியது. வலையில் அகப்பட்ட ஏழும், அவற்றிடம் கற்ற தலைமுறையும் ஒவ்வொன்றாக மறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு மார்ஸ்லஃப் அதே முகமூடியை அணிந்து, அதே பாதையில் நடந்தார். மரங்களில் காகங்கள் இருந்தன. அன்று ஒரு காகமும் கரையவில்லை.